எட்டு பேர் வந்தா என்ன சமைக்கிறது? ஒரு குண்டான் கணக்கு

இந்த எபிசோட் சமையலைப் பத்தி. ரெசிபி இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு பிடிபட்டுடுச்சுன்னா, ரெசிபியை உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி நீங்களே மாத்திக்கலாம்.

நான் இருக்கிறது அயனம்பாக்கத்துல. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் போனா அம்பத்தூர் எஸ்டேட், பக்கத்துலயே திருவேற்காடு. இந்தப் பக்கம் குடியிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரியும். கருமாரியம்மன் கோயிலுக்கு வர்ற சொந்தக்காரங்க, தரிசனம் முடிஞ்சதும் போன் பண்ணுவாங்க: "பக்கத்துலதான இருக்க? அப்படியே உங்க வீட்டையும் பாத்துட்டுப் போறோம்பா." ஆடி மாச ஞாயித்துக்கிழமைன்னா கேக்கவே வேணாம். ஒரு வேன், எட்டு பேர், நமக்கு ஒரு மணி நேரம் டைம்.

நம்ம வயசு ஆளுங்களுக்கு உடனே கை போற இடம் டெலிவரி ஆப். எட்டு சாப்பாடோ, எட்டு பிரியாணியோ போட்டா, டெலிவரி சார்ஜ், அந்த சார்ஜ் இந்த சார்ஜ்னு சேர்ந்து 1,600-ல இருந்து 2,000 ரூபாய் வரைக்கும் சுலபமா போயிடும். மாசக் கடைசின்னா அது வலிக்கிற காசு. போதாததுக்கு, கோயிலுக்கு வந்த நாள்ல பல பேர் கறி சாப்பிட மாட்டாங்க. பிரியாணி வந்து இறங்கின அப்புறம்தான் அது தெரியும்.

சரி, செலவு வேணாம், ஃப்ரிட்ஜ்ல மாவு இருக்கு, தோசை சுட்டுடலாம்னு தோணும். காசு மிச்சம்தான். ஆனா அங்கதான் நான் சொல்ல வந்த கணக்கு ஆரம்பிக்குது.

கல்லு சமையல், குண்டான் சமையல்

ஒருத்தருக்கு 3 தோசைன்னா, எட்டு பேருக்கு 24. ஒரு தோசைக்கு இரண்டரை நிமிஷம் வச்சுக்கோங்க. மொத்தம் 60 நிமிஷம். அதாவது, வந்தவங்க ஹால்ல பேசிக்கிட்டிருக்கிற அந்த ஒரு மணி நேரமும் வீட்ல யாரோ ஒருத்தர் அடுப்பு முன்னாடி நிக்கிறாங்க. அந்த ஒருத்தர் பெரும்பாலும் அம்மாவா இருப்பாங்க, இல்ல கல்யாணமான வீடுன்னா மனைவி. எல்லாரும் கை கழுவின பிறகு, ஆறிப்போன சாம்பாரோட கடைசித் தோசையைச் சாப்பிடுறதும் அவங்கதான்.

பூரி, சப்பாத்தி, அடை, ஆம்லெட் எல்லாமே இந்த ஜாதிதான். ஒரு ஆள் கூடினா, அந்த ஆளுக்கான நேரமும் கூடும். இதை நான் கல்லு சமையல்னு சொல்வேன்.

இன்னொரு வகை குண்டான் சமையல். சாம்பார் சாதம், பொங்கல், கிச்சடி, தயிர் சாதம் மாதிரி. நாலு பேருக்குச் செய்யறதுக்கும் எட்டு பேருக்குச் செய்யறதுக்கும் வித்தியாசம், காய் நறுக்கற ஒரு அஞ்சு பத்து நிமிஷம். அடுப்புல இருக்கிற நேரம் கிட்டத்தட்ட அதேதான்.

கோட் எழுதறவங்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா: தோசை ஒரு ஃபார் லூப், சாம்பார் சாதம் ஒரே ஒரு ஃபங்ஷன் கால்.

இட்லியை மறந்துடாதீங்க. தோசைக்கு எந்த மாவோ அதே மாவுதான். ஆனா நாலு தட்டுல 16 இட்லி, பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல ஒரே நேரத்துல வெந்துடும். அதனால இட்லி குண்டான் பக்கம், தோசை கல்லு பக்கம். விருந்தாளி வந்தா மாவை இட்லியா ஊத்துங்க. தோசையை நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கிற ராத்திரிக்கு வச்சுக்கலாம்.

பெரிய சமையலறைகளைப் பாருங்க

நிறைய பேருக்கு, கம்மி செலவுல, சூடா போட வேண்டிய இடத்துல எல்லாம் இந்தக் குண்டான்தான் ஜெயிச்சிருக்கு. 2013-ல சென்னையில அம்மா உணவகம் ஆரம்பிச்சப்போ மெனு என்ன? இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். மூணுமே மொத்தமா வேக வைக்கிற ஐட்டம். அப்புறம் ராத்திரிக்குச் சப்பாத்தி கொண்டு வந்தாங்க. அதுக்கு மெஷின் வாங்கி வைக்க வேண்டியதாச்சு. கல்லு சமையலைக் கையால அந்த அளவுக்குப் பண்ண முடியாது.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். 2022 செப்டம்பர் 15 அன்னிக்கு மதுரையில தொடங்குச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். பசங்களுக்கு தோசைதான் பிடிக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பள்ளிக்கூட மணி அடிக்கிறதுக்குள்ள அத்தனை பேருக்கும் சூடா வேணும்னா, உப்புமாவும் பொங்கலும்தான் நடக்கற காரியம்.

இவ்வளவு தூரம் ஏன் போகணும்? ஆடி மாசம் நம்ம தெரு முக்குல அம்மன் கோயில்ல ஊத்தற கூழ் என்ன? கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்ந்து ஒரே அண்டாவுல கொதிக்கிறதுதான். வரிசையில பத்து பேர் நின்னாலும் இருநூறு பேர் நின்னாலும் அண்டா ஒண்ணுதான்.

இப்போ ரெசிபி: எட்டு பேர், 50 நிமிஷம்

மெனு: சாம்பார் சாதம், தயிர் சாதம், அப்பளம், ஊறுகாய். டம்ளர்னு சொன்னா 200 மில்லி டம்ளர். உங்ககிட்ட ஒரு 5 லிட்டர் குக்கர், ஒரு சின்ன குக்கர், ஒரு பெரிய வாணலி, ரெண்டு பர்னர் அடுப்பு இருக்குன்னு வச்சுக்கறேன்.

முதல் பத்து நிமிஷம்: பெரிய எலுமிச்சை அளவு புளியை வெந்நீர்ல ஊற வைங்க. பெரிய குக்கர்ல 2 டம்ளர் பச்சரிசி, 1 டம்ளர் துவரம்பருப்பு, 10 டம்ளர் தண்ணி, கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய். இதுக்கு மேல குக்கரை ரொப்பாதீங்க. பருப்பு நுரைச்சு பொங்கும், அதனால பாதிக்கு மேல போகக்கூடாது. சின்ன குக்கர்ல தயிர் சாதத்துக்கு ஒன்றரை டம்ளர் அரிசி, 6 டம்ளர் தண்ணி. ரெண்டையும் ஏத்திடுங்க. பெரிய குக்கர் முதல் விசில் வந்ததும் சிம்ல 12 நிமிஷம்.

குக்கர் ஏன் இவ்வளவு வேகம்னா, உள்ள அழுத்தம் ஏறும்போது தண்ணி 100 டிகிரியில கொதிக்காம 120 டிகிரி பக்கம் வரைக்கும் சூடாகும். விசில் எண்ணிக்கையை விட அந்தச் சூட்டுல எவ்வளவு நேரம் இருக்குங்கிறதுதான் கணக்கு. அதனாலதான் சிம்ல வைக்கச் சொல்றேன்.

அது வேகற நேரத்துல காய் நறுக்குங்க. அரை கிலோ போதும்: முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், கத்திரிக்காய், எது மலிவோ அது. சின்ன வெங்காயம் 20, தக்காளி 3.

சின்ன குக்கரை இறக்கினதும் அந்த பர்னர்ல வாணலி. எண்ணெயில வெங்காயம், தக்காளி வதக்கி, காயைப் போட்டு, 2 டம்ளர் தண்ணியில முக்கால் பதம் வேக விடுங்க. அதுக்கப்புறம்தான் புளி: 2 டம்ளர் புளித்தண்ணி, 3 டேபிள்ஸ்பூன் சாம்பார் பொடி, உப்பு. பச்சை வாசனை போற வரைக்கும் கொதிக்கட்டும்.

புளியை ஏன் கடைசியில சேர்க்கணும்? காயும் பருப்பும் இளகுறதுக்கு, அதோட செல் சுவர்ல இருக்கிற பெக்டின் கரையணும். புளிப்பு இருந்தா அது லேசுல கரையாது. ஆரம்பத்துலயே புளி ஊத்தினா எவ்வளவு நேரம் கொதிச்சாலும் பருப்பு முழுசு முழுசா நிக்கும். நம்ம பாட்டிங்க பருப்பைத் தனியா குழைய வேக வச்சு அப்புறம் புளியோட சேர்த்ததுக்குக் காரணம் இதுதான்.

பெரிய குக்கர் ஆவி அடங்கினதும் நல்லா மசிச்சு, வாணலியில இருக்கிறதை அதுல ஊத்தி, 5 நிமிஷம் சிம்ல. பார்க்க கொஞ்சம் தளரவே இருக்கணும். ஆற ஆற அரிசி மாவுச்சத்து இறுகும், பரிமாறும்போது சரியா வந்துடும். கெட்டியாயிட்டா வெந்நீர் ஊத்திக் கிளறலாம். கடைசியா நெய்யில கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை. பெருங்காயத்தோட வாசனை கொழுப்புலதான் நல்லா இறங்கும், அதனால தண்ணியில போடாம தாளிப்புல போடுங்க.

தயிர் சாதத்துக்கு சாதத்தை மசிச்சு, வெதுவெதுன்னு ஆனப்புறம் ஒன்றரை டம்ளர் காய்ச்சின பாலும் 2 டம்ளர் தயிரும். கொதிக்கிற சாதத்துல தயிர் ஊத்தினா திரிஞ்சுடும். வந்தவங்க வேன்ல எடுத்துட்டுப் போறதா இருந்தா, பாலை நிறைய ஊத்தி, தயிர் ரெண்டு ஸ்பூன் மட்டும் சேருங்க. போற வழியில மெதுவா உறைஞ்சுக்கும், சீக்கிரம் புளிக்காது. வாணலி காலியானதும் கழுவி அப்பளம். அதுவும் ஒண்ணொண்ணாத்தான் பொரிக்கணும், ஆனா ஒரு அப்பளத்துக்குச் சில நொடிதான்.

எவ்வளவு ஆகும்?

கடை விலைக்கு நான் போடற தோராயக் கணக்கு: அரிசி 40, பருப்பு 25, காய், வெங்காயம், தக்காளி 70, புளி, பொடி, எண்ணெய், நெய் 60, பால், தயிர் 55, அப்பளம், ஊறுகாய் 30. மொத்தம் 280 ரூபாய். தலைக்கு 35.

ரேஷன் கார்டு இருந்தா இன்னும் குறையும். தமிழ்நாட்டுல 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கல் அரிசின்னா ஒரு டம்ளர் தண்ணி கூட வச்சு, அஞ்சு நிமிஷம் சேர்த்து வேக விடுங்க. குழைஞ்சு வரணும்ங்கிறதுதான் இங்க முக்கியம்.

நேரம் இன்னும் கம்மின்னா

அரை மணி நேரம்தான் இருக்கா? ரவா கிச்சடி. 3 டம்ளர் ரவைக்கு 8 டம்ளர் தண்ணி. ரவையை வாசனை வர வறுத்துடுங்க, அப்போதான் தண்ணியில பட்டதும் கட்டி தட்டாது. தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ஒரு கையால தூவி, இன்னொரு கையால கிளறணும். கூட தேங்காய் சட்னி.

அசைவம் சாப்பிடறவங்கன்னா எட்டு முட்டையை ஒரே பாத்திரத்துல அவிச்சு, வெங்காயம் தக்காளி தொக்குல போட்டு எடுங்க. ஆம்லெட் கேட்டா சிரிச்சுக்கிட்டே "இன்னொரு நாள் சித்தப்பா"ன்னு சொல்லிடுங்க. ஆம்லெட் கல்லு சமையல்.

"விருந்தாளிக்கு சாம்பார் சாதமா?"

இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பெரும்பாலும் வீட்டுக்குள்ள இருந்துதான் வரும். நாலு வகை பொரியல், வடை, பாயசம் இருந்தாத்தான் மரியாதைன்னு ஒரு எண்ணம் நமக்கு இருக்கு. கல்யாணத்துக்கு அது சரி. அதுக்குச் சமையல் ஆள் இருக்காங்க, பரிமாற பத்து பேர் இருக்காங்க. ஒரு படுக்கையறை வாடகை வீட்ல அதே மரியாதையைக் காட்டப் போனா, வீட்ல ஒருத்தர் காணாமப் போயிடுவாங்க. வந்தவங்க கிளம்பும்போது "உன்கூட உக்காந்து பேசவே முடியலையேம்மா"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அத்தை அவ்வளவு தூரத்துல இருந்து வந்தது வடைக்கா?

கோயில் வரிசையில வெயில்ல நின்னு வந்தவங்களுக்கு, சூடா ஒரு கரண்டி நெய் மணக்கிற சாம்பார் சாதம், அப்புறம் சில்லுன்னு தயிர் சாதம். வயித்துக்கு இதமா இருக்கும். சமைச்சவங்களும் தட்டு எடுத்துக்கிட்டு கூட உக்காரலாம்.

அடுத்த தடவை வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு போன் வந்தா, மெனு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இன்னும் ரெண்டு பேர் சேர்ந்து வந்தா எனக்கு எத்தனை நிமிஷம் கூடும்? பதில் அஞ்சு நிமிஷத்துக்குள்ள இருந்தா அடுப்பைப் பத்த வைங்க. உங்க வீட்டுக் குண்டான் சமையல் என்னன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டா!