அர்ச்சகரும் ஊழியர்தான், தெரியுமா?

ஸ்ரீரங்கத்தில் போய்க் கோயில் பணியை ‘வேலை’ என்று சொல்லிப் பாருங்கள், முறைப்பார்கள். அது கைங்கர்யம்! ஆனால் அந்தக் கைங்கர்யத்துக்கு ஆள் எடுப்பது மதச் சடங்கே அல்ல, வெறும் நியமனம்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, தெரியுமா?

அர்ச்சகர் பதவி அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வழக்கத்தை 1971-இல் தமிழக அரசு சட்டம் போட்டு நிறுத்தியது. பரம்பரை அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் டெல்லிக்குப் போனார்கள். 1972 மார்ச் 14 அன்று தீர்ப்பு: அர்ச்சகர் கோயிலின் ஊழியர், தர்மகர்த்தாவுக்குக் கட்டுப்பட்டவர், வாரிசுரிமை கிடையாது. அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள்! அதே தீர்ப்பில் ஒரு முடிச்சும் உண்டு: ஆகமக் கோயிலில் ஆகமம் சொல்லும் பிரிவினர்தான் மூலவரைத் தொடலாம். பரம்பரை போயிற்று, ஆகமம் நின்றது.

அந்த முடிச்சு எங்கே சிக்கியது தெரியுமா? நம்ம வயலூர் முருகன் கோயிலில்! 2021 ஆகஸ்டில் அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் பயின்ற 24 பேருக்கு அர்ச்சகர் பணி கிடைத்தது. அதில் இருவர் வயலூருக்கு வந்தார்கள். ஏற்கெனவே அங்கே பூஜை செய்துவந்த சிவாச்சாரியார்கள் இருவர் கோர்ட்டுக்குப் போனார்கள். இது ஆகமக் கோயில், ஆதி சைவப் பிரிவினர்தான் வேண்டும் என்று 2023-இல் மதுரைக் கிளையின் தனி நீதிபதி அந்த நியமனத்தை ரத்து செய்தார். பிறப்பைப் பார்த்து வேலை மறுப்பதா என்று ஒரு பக்கம். இத்தனை வருஷம் உழைத்த எனக்கு இல்லையா என்று மறு பக்கம். இருக்கிறதோ ஒரே கருவறை!

இதே வழக்கு அமெரிக்காவில் என்றால் வாசலிலேயே முடிந்திருக்கும். சர்ச் தன் போதகரை எப்படித் தேர்ந்தெடுத்தாலும் பாகுபாட்டுத் தடுப்புச் சட்டம் உள்ளே நுழையாது என்று அங்கே 2012-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நம் நீதிபதிகளோ ஆகமத்தையே புரட்டிப் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ நம்மூர் வழிதான் கஷ்டம், ஆனால் கதவாவது திறக்கிறது.

ஐந்து வட்டிலில் தீர்த்தம் சேர்த்து, உத்தரணியால் எடுத்து அர்க்கியம், பாத்தியம் சமர்ப்பிக்கும் திருவாராதனையை ஆண் கைதான் செய்யும் என்று நினைத்திருந்தோமே? ஸ்ரீரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் படித்து, 2023 செப்டம்பரில் மூன்று பெண்கள் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள்!

இன்னொன்று தெரியுமா? பரம்பரை உரிமையைக் காப்பாற்ற 1972-இல் நடந்த அந்த வழக்கை வக்கீல்கள் இன்றும் ஒரு பெண் பெயரில்தான் சொல்கிறார்கள்: சேஷம்மாள் வழக்கு.