மணல்மேட்டில் எரிவாயு ஜீப் ஏன் திணறுவதில்லை?

காரைக்காலில் அரசலாறு கடலில் சேரும் பக்கம், மணல்மேட்டில் பழைய பெட்ரோல் ஜீப்பை ஏற்றிப் பாருங்கள். வண்டி சாய்ந்ததும் எஞ்சின் இருமும். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்குவதால் மிதவையின் கணக்குத் தப்பிவிடுகிறது. எரிபொருள் கூடும், அல்லது குறையும்.

எல்.பி.ஜி.க்கு மாற்றினால் அந்தக் கிண்ணத்துக்கு வேலையே இல்லை. தொட்டியிலிருந்து திரவமாக வரும் புரொப்பேன்-பியூட்டேன் கலவை, ரெடியூசரில் அழுத்தம் குறைந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், நம் ஊர் வெயிலிலும் ரெடியூசர்மேல் பனி படியும். அதனால்தான் எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரை அதற்குள் ஓடவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். தொட்டியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. வீட்டுச் சிலிண்டரை மாட்டவே கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் வண்டிக்குள்ளேயே தேங்கும். ஒரு பொறி போதும்.