கொல்லையில் வெந்நீர்த் தொட்டி: பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி

மார்கழி பிறந்தால் ஸ்ரீவில்லிபுத்தூரில் குளியலும் ஒரு விசேஷம்தான். ஆண்டாளுக்குத் திருமுக்குளக் கரையில் நீராட்ட விழா நடக்கும். ஊரில் மற்றவர்களுக்கு விடிகாலைக் குளிரில் வெந்நீர் வேண்டும். ராஜபாளையத்தில் எங்க ஆச்சி வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பு பாய்லர் இருந்தது. தேங்காய் மட்டையைப் போட்டு எரித்தால் அரை மணி நேரத்தில் நாலு பேர் குளிக்க வெந்நீர் தயார். புகை கண்ணைக் கரிக்கும், அதைத் தவிர பெரிய ஆபத்து எதுவும் கிடையாது.

இப்போது அந்தக் கொல்லைக்கு வேறொரு பொருள் வருகிறது. காற்று அடித்து விரிக்கும் 'ஹாட் டப்', அதாவது நாலு பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்துகொள்ளும் தொட்டி. ஹீட்டர், மோட்டார், குமிழி வரவைக்கும் புளோயர் எல்லாம் சேர்ந்தே வரும். போனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. காற்றை அடி, தண்ணீரை நிரப்பு, பிளக்கைச் சொருகு என்று அட்டைப்பெட்டியில் மூணே படம் போட்டிருப்பார்கள். நீங்கள் நிதானிக்க வேண்டிய இடம் அந்த மூணாவது படம்.

உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது, அதே தண்ணீரைத் தொட்டுக்கொண்டு 230 வோல்ட்டில் ஓடும் ஒரு கருவியும் பக்கத்தில் இருக்கிறது. பாத்ரூம் கீசரில் தண்ணீர் பக்கெட்டுக்கு வந்ததும் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குளிக்கலாம். இதில் அப்படி முடியாது. நீங்கள் உள்ளே இருக்கும்போதும் கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எம்.சி.பி. இருக்கே, போதாதா?

போதாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்ற வைத்த கருவி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழும். மனித உடம்புக்கு அவ்வளவு தேவையில்லை, ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு இதயத்தின் வழியாகப் பாய்ந்தாலே உயிர் போய்விடும். எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும். லைனில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் ஒரே அளவா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் எங்கோ, ஒருவேளை உங்கள் உடம்பு வழியாகவே, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலும் நொடியில் ஒரு சிறு பங்குக்குள் சப்ளையைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம்தான் சரி. 100, 300 என்று அச்சிட்டவையும் கடையில் கிடைக்கும், அவை உயிரைக் காப்பதற்கு ஆனவை அல்ல. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். 'டப்' என்று விழுந்தால் நல்லது, விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

அடுத்தது எர்த்திங். பழைய வீடுகளில் பார்த்தால் மூணு துளை சாக்கெட் இருக்கும், ஆனால் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியாது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரையோ வயர்மேனையோ கூப்பிட்டு, கொல்லைப் பாயிண்டில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், அப்போது தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கம் நல்ல பழக்கம்தான்.

2 கிலோவாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், புளோயர் ஓடினால் இன்னும் கூடும். ஆகவே மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் சாக்கெட் ஆகாது. தனி எம்.சி.பி. வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரில் 16 ஆம்பியர் பாயிண்ட் போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஆர்.சி.சி.பி. இருந்தாலும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஸ்விட்ச் போர்டு, தொட்டியிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, மழைச்சாரல் படாத இடத்தில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். 110 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் வீட்டு லைனில் மாட்டவே கூடாது.

சார்ஜில் போட்ட போனோடு தொட்டிக்குள் இறங்காதீர்கள். தண்ணீர் சூடாக லேட் ஆகுதே என்று வாட்டர் ஹீட்டர் ராடைத் தூக்கித் தொட்டிக்குள் போடுவது அதைவிட மோசம். யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். மெயினை அணையுங்கள், பிறகு தூக்குங்கள், 108-ஐ அழையுங்கள்.

ஈ.பி.க்கு என்ன சொல்ல வேண்டும்?

உங்கள் இணைப்புக்கு இத்தனை கிலோவாட் என்று ஒரு மின்பளு அனுமதிக்கப்பட்டிருக்கும். மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு விவரத்தைத் திறந்தால் போனிலேயே பார்த்துவிடலாம். ஏ.சி., கீசர், மோட்டார் ஏற்கெனவே ஓடுகிற வீட்டில் தொட்டி ஹீட்டரும் சேர்ந்தால் அந்த அளவு மீறும். அப்போது அதே இணையதளத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்கலாம். தெருவில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது, வோல்டேஜ் இறங்குகிறது, மீட்டர் பெட்டி சூடாகிறது என்றால் மின்னகம் எண் 94987 94987-ல் எந்நேரமும் புகார் செய்யலாம்.

கருவி வாங்கும்போது 'பி.ஐ.எஸ். கேர்' செயலியைப் பயன்படுத்துங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் சி.எம்./எல். எண்ணை அதில் தட்டினால் உரிமம் உண்மையா, யாருக்குக் கொடுத்தது, இப்போதும் செல்லுமா என்று காட்டும். கீசருக்கும் ஹீட்டர் ராடுக்கும் ஐ.எஸ்.ஐ. கட்டாயம். 'இது இம்போர்ட்டட் சார், அதெல்லாம் தேவையில்லை' என்று விற்பவர் சொன்னால் அந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வாங்கிய பிறகு தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நாலு பேர் தொட்டி சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். மார்கழியில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 38 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி ஆகும். பெருக்கினால் 15 யூனிட் வருகிறது. 2 கிலோவாட் ஹீட்டர் ஏழரை மணி நேரம் ஓட வேண்டும், அதுவும் சூடு கொஞ்சமும் வெளியே போகாமல் இருந்தால். விடிகாலை 5 மணிக்குக் குளிக்க முந்தின நாள் இரவு 9 மணிக்கே போட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட்டுக்கு மேல் கூடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் வேறு விலைப்பட்டியல் வந்துவிடும். இப்போது 420, 450 என்று கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்குத் தொட்டி இழுத்துவிடுகிற செலவு அதுதான்.

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் கதை வேறு. 60 டிகிரியில் இருக்கும் 200 லிட்டரை 800 லிட்டர் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 32 டிகிரி வந்துவிடும். ஏற வேண்டிய 13 டிகிரியில் 7 டிகிரியை வெயில் பார்த்துக்கொண்டது, மிச்சத்துக்கு 7 யூனிட் போதும். பச்சைத் தண்ணீரை முதலில் விடுங்கள், சூடான தண்ணீர் நேரடியாகப் பட்டால் பிளாஸ்டிக் ஒட்டு விட்டுவிடும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-ம் அதற்கு மேலும் ரூ.78,000 என்று கிடைக்கும் மானியம் மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு. வெந்நீர்க் கருவிக்கு அல்ல, பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவு. ஒரு தொட்டி நிரப்பினால் ஏழு பேருடைய ஒரு நாள் தண்ணீர் போய்விட்டது. நகராட்சிக் குழாய் தண்ணீரை இதற்கு விடாதீர்கள், போர் தண்ணீரை விடுங்கள். அது உப்பாக இருந்தால் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படியும், அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் ஒரு ஆள் உட்காரும் 250 லிட்டர் தொட்டியே போதும் என்பேன். நாலு யூனிட்டில் வேலை முடியும், கால்வலிக்கும் முதுகுவலிக்கும் அதே சுகம்தான்.

மொட்டை மாடியில் வைக்கலாமா? நிரம்பிய தொட்டி, உள்ளே நாலு பேர், எல்லாம் சேர்ந்து 1,250 கிலோவுக்கு மேல். அது உட்காருவது இரண்டரை சதுர மீட்டரில். ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாக வடிவமைக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான், இது அதைப்போல மூன்று மடங்கைத் தாண்டுகிறது. கட்டடப் பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் மாடியில் ஏற்றாதீர்கள்.

தண்ணீரை மாற்றாமல் விட்டால்

15 யூனிட் செலவு பண்ணி சூடாக்கிய தண்ணீரைக் கொட்ட மனசு வராது. மூடி வைத்து அடுத்த வாரமும் இறங்குவோம் என்றுதான் தோன்றும். 1999-ல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே விற்பனைக்காக ஒரு சுழல்நீர்த் தொட்டியை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். அதில் யாரும் குளிக்கவில்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள் அதிலிருந்து கிளம்பிய நுண்ணிய நீர்த்துளிகளைச் சுவாசித்தார்கள், அவ்வளவுதான். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியாவால் சுமார் 200 பேர் நோயுற்றார்கள், 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாம் விரும்பும் இதமான சூடு அந்தப் பாக்டீரியாவுக்கும் பிடித்த சூடு. கடும் நிமோனியாவாக அது வெளிப்படும், வயதானவர்களையும் புகைபிடிப்பவர்களையும் அதிகம் தாக்கும்.

தண்ணீரை வைத்திருப்பதானால் குளோரின் 3 பி.பி.எம்.-க்குக் குறையாமலும் பி.எச். 7 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும். சோதனைத் தாள் வாங்கி ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் நனைத்துப் பாருங்கள். சூட்டில் குளோரின் சீக்கிரம் குறைந்துவிடும், நேற்று பார்த்தது இன்றைக்குச் செல்லாது. பிளீச்சிங் பவுடரைக் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடுவது தீர்வு ஆகாது. இவ்வளவு பார்க்க நேரமில்லை என்பவர்கள் குளித்ததும் வடித்துவிடுவதே நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டக்கூடிய மூடி அவசியம். உறிஞ்சு துவாரத்தின் மூடி உடைந்திருந்தால் மோட்டாரைப் போடவே வேண்டாம். 2002-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி இப்படி ஒரு தொட்டியின் உறிஞ்சு துவாரத்தில் சிக்கித்தான் மூழ்கி இறந்தாள். பாதுகாப்பான மூடியைக் கட்டாயமாக்கி அந்த நாடு 2007-ல் கொண்டுவந்த சட்டத்துக்கு அவள் பெயரே வைக்கப்பட்டது. பெரியவர்களுக்கும் 40 டிகிரிதான் எல்லை, கால் மணி நேரம் போதும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். மது அருந்திவிட்டு யாருமே இறங்கக் கூடாது.

வடிக்கிற தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழியில் விடாதீர்கள். குளோரின் சேர்த்திருந்தால் இரண்டு மூன்று நாள் திறந்து வைத்து, சோதனைத் தாள் நிறம் மாறாமல் இருக்கும்போது தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். பங்குனி வெயில் வந்ததும் தொட்டியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காற்றை இறக்கி, துடைத்து, காயவைத்து மடித்து உள்ளே வையுங்கள். மூடியின் மடிப்பில் ஒரு டம்ளர் தண்ணீர் தேங்கினாலே டெங்கு கொசுவுக்குப் போதும். கொசுப் புழு பார்க்க வீடு வீடாக வரும் நகராட்சிப் பணியாளர்கள் கேட்டைத் தட்டினால், கொல்லை வரைக்கும் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.