பின்னச்சில் கசியும் எண்ணெய்

1990இன் பின்னர் வன்னிப் பெருநிலப்பரப்பின்மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் அங்கே தெருவை விட்டு இறங்காமல் நின்றவை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானிய மகிழுந்துகள். இயந்திரத்தை எழுப்பச் சில துளி பெற்றோல், பின்னர் ஓட்டத்துக்கு மண்ணெண்ணெய். அவற்றின் தாழ்ந்த அமுக்க விகிதமும் எளிய காபரேற்றரும் அதற்கு இடங்கொடுத்தன. மண்ணெண்ணெயில் ஓடிய கதையைச் சொல்வோர் பலர். அவ்வண்டிகளின் அடியில் ஊறிய எண்ணெயைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மைனர் குடும்ப வண்டிதான். ஆயினும் பின்னாளில் அது பெற்ற 948 கன சென்ரிமீற்றர் இயந்திரமே 1958இன் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் விரைவு மகிழுந்தையும் இயக்கியது. ஆதலால் ஒன்றின் கசிவை அறிந்தவர் மற்றதன் கசிவையும் அறிவார்.

முதலில் கசிவின் ஊற்றைக் காணவேண்டும். ஓடும் வண்டியின் கீழ்க்காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துச் செல்வதால், துளி விழும் இடம் பெரும்பாலும் பொய்ச்சாட்சி. அடிப்பாகத்தைக் கழுவி உலர்த்தி, முகமாவைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டினால் முதலில் நனையும் இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மணமும் ஓரளவு உதவும். பின்னச்சின் எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் கலந்திருப்பதால் அதன் நெடி தனித்தது. மைனரின் பற்சக்கரப் பெட்டியோ இயந்திர எண்ணெயையே குடிப்பது. அவ்விடத்தில் மூக்கை நம்பிப் பயனில்லை.

இயந்திரத்தின் பின்முனைக் கசிவை நோய் என்று சொல்வதற்கே நான் தயங்குவேன். அங்கே இறப்பர் வளையம் கிடையாது. சுழற்றித்தண்டின் முனையில் வெட்டிய திருகுவரி, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. இயந்திரம் நின்றால் அந்த வேலையும் நின்றுவிடும். கிளச்சு உறையின் அடியில் துளையிட்டு அதில் ஒரு பிளவூசியைத் தொங்கவிட்டவர்கள், எண்ணெய் வரும் என்று தெரிந்தே வழி வைத்தவர்கள்.

பின்னச்சின் பினியன் தண்டில் நிலைமை வேறு. அங்கே கராஜ்காரர் ஒயில் சீல் என்னும் உதட்டு வளையம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோலால் செய்யப்பட்ட இவ்வளையம் பின்னர் செயற்கை இறப்பருக்கு மாறியது. இறப்பர் உதடு தண்டை இறுகக் கவ்வி எண்ணெயை மறிக்கிறது என்றே பலரும் எண்ணுவர். உலர்ந்த நிலையில் அப்படிக் கவ்வினால் உராய்வு வெப்பத்தில் உதடு விரைவில் கருகிவிடும். இரண்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாக வேண்டும். அதை வழியவிடாமல் காப்பவை மேற்பரப்பிழுவையும் உதட்டின் வடிவமும். உதட்டின் எண்ணெய்ப்பக்கச் சரிவு செங்குத்தானது, காற்றுப்பக்கச் சரிவு தாழ்ந்தது. தண்டு சுழலுகையில் உதட்டின் நுண்மேடுகள் ஒருபுறமாக முறுகி, வெளியேற முயலும் எண்ணெயை உள்ளே தள்ளுகின்றன. வளையத்தைத் தலைமாற்றிப் பொருத்தினால் இதே பொறிமுறை எண்ணெயை வெளியே இறைக்கும்!

வன்னியின் கிரவல் தெருக்களில் இப்படலத்துக்குப் பகை புழுதி. கடினமான சிலிக்காத் துகள்கள் மென்மையான இறப்பரில் பதிந்து உருக்குத் தண்டையே அராவுகின்றன. தண்டில் வரி விழுந்தபின் எத்தனை புதிய சீல் மாற்றினாலும் கசிவு ஓயாது. வரியின்மேல் மெல்லிய உருக்கு உறை ஏற்றலாம். இடமிருந்தால் புதிய வளையத்தை ஓரிரு மில்லிமீற்றர் தள்ளிப் பதித்து, தேயாத பரப்பில் உதட்டை அமரச் செய்யலாம்.

புழுதி அடைக்கும் மற்றோரிடம் அச்சுறையின் மூச்சுத்துளை. அது அடைபட்டிருக்க, உள்ளிருக்கும் காற்று 30 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசுக்கு ஏறினால், தனிவெப்பநிலைக் கணக்கில் அமுக்கம் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு உயரும். குற்றமற்ற சீலையும் கசியவைக்க அது போதும். மாரியில் இதன் மறுதலை நிகழும். குளம் வான்பாய்ந்து தெருவை மூடிய வெள்ளத்தில் சூடான அச்சு இறங்கினால் உட்காற்று குளிர்ந்து சுருங்கி, உதட்டைக் கடந்து நீரை உறிஞ்சும். எண்ணெய் பால்நிறமாகும். கசிவுக்காகச் சீலை மாற்றுகிறவர்கள் இதற்காக எண்ணெயை மாற்ற நினைப்பதில்லை. தாங்கிகளைத் தின்பது இந்தப் பால்நிற எண்ணெய்தான்.

சீலைக் கழற்றுமுன் பினியன் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும். அசைவு தெரிந்தால் குற்றவாளி தாங்கி. ஆடும் தண்டை எந்த உதடும் பின்தொடர இயலாது. அசைவில்லையெனில் பினியன் தண்டின் சுரையின் நிலையைத் தண்டோடு சேர்த்துக் குறியிட்டுக் கழற்றுக. சில வண்டிகளில் அச்சுரையின் இறுக்கமே தாங்கிகளின் முன்சுமையைத் தீர்மானிக்கிறது. புதிய உதட்டில் எண்ணெய் தடவி, வளையம் கோணாமல் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தட்டி இறக்குக. பின்னர் சமதரையில் வண்டியை நிறுத்தி, நிரப்புத்துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் ஊற்றி, மிகுதி வழிந்து நின்றபின் மூடியை இடுக. அதற்குமேல் நிரப்பினால் மிகுந்த எண்ணெய் பக்க அச்சுகளின் வழியே சென்று தடைப்பட்டைகளை நனைக்கும்.