இந்தக் குரலா பாடகர் குரல்?

அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு அந்நியமல்ல. பட்டாளத்து பாண்டு, மாதா கோவில் பாடற்குழு, ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கல்யாணம் என்று கண்டோன்மென்ட் பக்கம் மேல்நாட்டு இசை தெருவிலேயே காதில் விழுந்தது. அப்படி வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர், "நான் ஜாஸ் பாடகர் ஆகப் போகிறேன்" என்றால் வீட்டில் என்ன நடக்கும்?

கைப்பேசியில் பதிவு செய்த பாட்டு உறவினர் எல்லோருக்கும் போகும். மாமா, "மூக்கால் பாடுகிறானே!" என்பார். அத்தை, "கேட்டால் தூக்கம் வருது" என்பார். அப்பாவின் ஆபீஸ் நண்பர், "அடடா, சினாட்ரா கெட்டார்!" என்பார். பிள்ளை யார் சொல்வதை நம்புவது?

இது விளையாட்டுக் காரியமும் அல்ல. மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பம். நிரந்தர வேலைக்குப் போவதா, ஓட்டல் மேடையில் பாடிப் பிழைப்பதா என்பதை இந்தப் பேச்சுகள்தான் பல வீடுகளில் முடிவு செய்கின்றன. ஆகவே, கேட்பவர் சொல்லும் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

ஒரே குரல், இரண்டு தீர்ப்பு

பெங்களூர்த் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. பி.பி.ஸ்ரீனிவாஸ்!

தமிழ்நாட்டில் அவர் குரலை மென்மையான குரல் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஜெமினி கணேசன் காதலில் உருகினால் பி.பி.எஸ்.; சிவாஜி முழங்கினால், எம்.ஜி.ஆர். சாட்டையைச் சுழற்றினால் டி.எம்.எஸ். இதுதான் கணக்கு.

ஓசூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. 1960-களில் கன்னடப் படங்களில் ராஜ்குமாரின் குரல் என்றால் அது பி.பி.எஸ். குரல்தான். காதலனுக்கும் அதே குரல், ராஜாவுக்கும் அதே குரல், பக்தனுக்கும் அதே குரல். 1974-ல் வந்த 'சம்பத்திகே சவால்' படத்தில் ராஜ்குமார் எருமை மேல் அமர்ந்து சொந்தக் குரலில் பாடி, ரசிகர்கள் அதற்குப் பழகிய பிறகுதான் நிலைமை மாறியது.

குரல் ஒன்றுதான். மாறியது கேட்ட காது. பழகிய முகத்தோடு சேர்ந்து வந்தால் அதே மென்மை வீரமாகவும் ஒலிக்கிறது.

மைக் செய்த புரட்சி

ஜாஸ் மேடையில் 'குரூனர்' என்று சொல்கிறார்களே, அவர்கள் யார்? மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு, காதோடு பேசுவதுபோல் பாடுகிறவர்கள். மைக் வருவதற்கு முன் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடுகிறவனே பாடகன். நம் நாடக மேடையில் கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடிக் கொட்டகையையே அதிர வைத்த காலம் அது. மின்சார மைக் வந்ததும் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள்.

உடனே கிளம்பியது எதிர்ப்பு! பாஸ்டன் நகரத்துக் கர்தினால் ஓகானல், 1932-ல் இந்தப் பாணியையே இழிவானது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். ஆண்பிள்ளை பாடுகிற பாட்டா இது என்பது அன்றைய குற்றச்சாட்டு. கிராஸ்பியோ அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் உலகத்திலேயே அதிகமாக இசைத்தட்டு விற்றவர்களில் ஒருவராக இருந்தார்.

ஜாஸ் உலகம் குரலழகை மட்டும் பார்ப்பதில்லை. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் கரகரவென்றிருக்கும். பில்லி ஹாலிடேயின் குரலுக்கு எட்டும் ஸ்வரங்கள் குறைவு. இருவரையும் தாண்டி ஜாஸ் பாட்டின் சரித்திரத்தை எழுத முடியாது.

கைத்தாளம் போட வைத்த டீச்சர்

இனி நம் வீட்டுப் பெண் ஒருவரின் கதைக்கு வருவோம். பம்பாயில் 1947-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் உஷா. தகப்பனார் போலீஸ் அதிகாரி. பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் உஷாவின் குரலைக் கேட்ட ஆசிரியை, கனத்த குரல், மற்றப் பெண்களோடு சேராது என்று வகுப்பை விட்டு அனுப்பிவிட்டார். ஆனால் பெண்ணிடம் ஏதோ இசை இருக்கிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பாட வேண்டாம், தாளம் தட்டு என்று சின்ன வாத்தியங்களைக் கையில் கொடுத்தார்!

இது அந்த டீச்சரின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். லதா மங்கேஷ்கரின் குரலையே பெண்குரலுக்கு அளவுகோலாக வைத்திருந்த காலம். இங்கே பி.சுசீலா, எஸ்.ஜானகி. இவர்களைக் கேட்டுப் பழகிய காதுக்குக் கீழ் ஸ்தாயியில் பாடும் பெண் வினோதமாகத்தான் தெரிவாள். ஆனால் கச்சேரி மேடையில் டி.கே.பட்டம்மாளின் கனத்த சாரீரத்தை அதே தமிழர்கள் தலையாட்டி ரசித்தார்களே! மேடைக்கு ஒரு காது, சினிமாவுக்கு ஒரு காது போலும்.

ஒன்பது வயதில் உஷாவுக்கு ரேடியோ சிலோனின் ஓவல்டின் நிகழ்ச்சியில் பாட வாய்ப்புக் கிடைத்தது. வானொலி கேட்டவர்களுக்குக் குரல் பிடித்தது. பிறகு 1960-களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோடு. சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று தியேட்டர்கள் சேர்ந்திருந்த கட்டிடத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப். அந்தக் கட்டிடம் இன்று இல்லை. சுமார் இருபது வயதில் புடவை கட்டிக்கொண்டு அங்கே ஆங்கிலப் பாட்டுப் பாடினார் உஷா அய்யர்.

நைட் கிளப் பாடகி என்றால் கவுன் போட்டிருப்பாள் என்று எதிர்பார்த்து வந்த கூட்டம். எதிரே நிற்பதோ கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்ததுபோல் ஒரு பெண்! ஆனால் பாட்டு எடுபட்டது. கிளப் முதலாளி, இன்னும் ஒரு வாரம் தங்கிப் பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அவர் பெற்ற அபிப்பிராயங்களிலேயே கனமானது இதுதான் என்பது என் கருத்து. 'பேஷ்' என்று சொல்ல யாருக்கும் செலவில்லை. மறுநாளும் வரச் சொல்லிக் காசு கொடுப்பவர் யோசித்துத்தான் சொல்வார்.

1969-ல் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் ஓட்டல் மேடை. அங்கிருந்து டில்லி, பம்பாய், சினிமா. திருமணத்துக்குப் பிறகு உஷா உதூப். மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) படத்தில் இளையராஜா இசையில் 'வேகம் வேகம்' பாடியவர் இவரே.

மந்திரியின் காது

புகழ் வந்த பிறகு தீர்ப்புச் சொல்பவர்கள் ஓய்ந்துவிடுவார்களா? 1983-ல் மேற்கு வங்கப் பொதுப்பணித்துறை மந்திரி ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாட்டு கலாசாரச் சீரழிவு என்று கூறினார். அரசு மண்டபத்தில் பாட அனுமதி மறுக்கப்பட்டது. உஷா அழுதுகொண்டு உட்காரவில்லை. கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1984-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண்.

எதைக் கேட்க வேண்டும்?

அதற்காக, யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாமா? கூடாது. டீச்சர் விரட்டியவர்கள் எல்லோரும் உஷா ஆகிவிடவில்லை.

"குரல் சரியில்லை" என்பது ஒரு விமர்சனமே அல்ல. "இரண்டாவது அடியில் வார்த்தை புரியவில்லை", "நீட்டும்போது ஸ்ருதி இறங்குகிறது", "மூச்சு வாங்கும் சத்தம் மைக்கில் கேட்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்து மேலும் கேட்கலாம். இவை எல்லாம் உழைத்தால் திருந்தக்கூடியவை.

தாளத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஜாஸ் பாடகர் பல சமயம் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி வார்த்தையைப் போடுவார். தெரியாதவர்கள், "தாளம் தவறுகிறான்" என்பார்கள். சமத்திலிருந்து தள்ளி எடுப்பு வைக்கும் கர்நாடகக் கீர்த்தனைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் தாளத்தை மனசுக்குள் பிடித்துக்கொண்டு விலகி நிற்கும் தைரியம் இரண்டுக்கும் வேண்டும். பின்தங்கியவர் சரியான இடத்தில் வந்து சேர்கிறாரா என்று பாருங்கள். சேர்ந்தால் வித்தை. சேராவிட்டால் மாமா சொன்னது சரி.

அடுத்தது சாயல். சினாட்ரா மாதிரி இருக்கிறது என்று பாராட்டுவது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் சினாட்ராவைக் கேட்க இசைத்தட்டு இருக்கிறதே! பையன் தன் குரலில் பாடுவது எப்போது என்று கேட்பவரே அவனுக்கு உண்மையான நண்பர்.

தன் குரலில் பாடி ஜாஸ் உலகத்துக்குள் போனவர் இந்த ஊரிலேயே உண்டு. டி.ஏ.எஸ்.மணி 1964-ல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆப் பெர்கஷனைச் சேர்ந்த ஆர்.ஏ.ராமமணி, அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் பாடிய 'ஜோதி' இசைத்தட்டு 1983-ல் வெளிவந்தது. மரியானோ நம் நாதஸ்வரத்தையும் கற்று வாசித்தவர். ராமமணி அமெரிக்கப் பாடகி போல் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. தாம் கற்ற ஸ்வரத்தையும் கமகத்தையும் வைத்தே சாக்ஸபோனுக்கு ஈடு கொடுத்தார். ஜாஸ் கற்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அந்தப் பதிவைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு மட்டும் அவசரம் வேண்டாம். சனி, ஞாயிறு மாலைகளில் பாடட்டும். முதல் தடவை கைதட்டுவது பெரும்பாலும் உறவுக்காரர் கூட்டம். மூன்றாவது, நான்காவது தடவை முன்பின் தெரியாத நாலு பேர் அதே மேசைக்குத் திரும்பி வந்து உட்காருகிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். அதுவரை ஷிப்டுக்குப் போகட்டும்.