நூற்றுக்கு நாலரை வட்டி: எந்தக் கார்டை முதலில் அடைப்பது?

நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் நம் ஊரில் யோசித்து வாங்குவார்கள். மூன்று வட்டி என்றால் வேறு வழி இருக்கிறதா என்று நாலு பேரிடம் கேட்பார்கள். நாலரை வட்டிக்குக் கடன் வாங்கியவரைப் பற்றித் தெருவே கவலைப்படும். கிரெடிட் கார்டில் பாக்கி வைத்திருப்பவர் கொடுப்பது ஏறக்குறைய அந்த வட்டியைத்தான். ஆனால் ஸ்டேட்மென்டில் அது அப்படி எழுதப்பட்டிருக்காது.

கணக்கு இதுதான். இந்திய வங்கிகளின் கார்டுகளில் பாக்கிக்கான வட்டி பெரும்பாலும் மாதம் 3.5% முதல் 3.75% வரை, அதாவது ஆண்டுக்கு 42% முதல் 45% வரை இருக்கிறது. அந்த வட்டியின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. வீட்டுக்கடன் வட்டிக்கோ நகைக்கடன் வட்டிக்கோ ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு மட்டும் விலக்கு இல்லை. எனவே 3.75% என்பது கையிலிருந்து போகும்போது 4.425% ஆகிறது. 3.5% என்பது 4.13% ஆகிறது.

இதற்கு உச்சவரம்பு ஒன்று சில காலம் பேச்சில் இருந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2008-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே சட்டம் வந்து வட்டியைக் குறைக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பாக்கியை எந்த வரிசையில் அடைக்கிறோம், எந்தப் பணத்தைக் கொண்டு அடைக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நானே போட்ட கணக்கு; ஆனால் தொகைகள் மாதச் சம்பளக் குடும்பங்களில் சாதாரணமாக இருக்கக்கூடியவை.

முதல் கார்டு: பாக்கி ரூ.1,20,000. வட்டி மாதம் 3.75%.
இரண்டாவது கார்டு: பாக்கி ரூ.45,000. வட்டி மாதம் 3.5%.
மூன்றாவது கார்டு: ரூ.20,000 எஃப்டியை ஈடு வைத்து வாங்கியது. பாக்கி ரூ.18,000. வட்டி மாதம் 2.5%.
இவை போக, கார்டிலேயே போட்ட ஃபிரிட்ஜ் இஎம்ஐ: மீதி அசல் ரூ.60,000. வட்டி ஆண்டுக்கு 15%.

மொத்தம் ரூ.2,43,000. இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் கண் போவது பாக்கித் தொகைக்கு. பார்க்க வேண்டியது வேறொன்று: ஒவ்வொரு ஆயிரம் ரூபாய் பாக்கியும் மாதம் எவ்வளவு தின்கிறது? ஜிஎஸ்டியும் சேர்த்தால் முதல் கார்டில் ரூ.44.25. இரண்டாவதில் ரூ.41.30. மூன்றாவதில் ரூ.29.50. இஎம்ஐயில் ரூ.14.75 மட்டும். நான்கும் சேர்ந்து முதல் மாதம் விழும் வட்டி சுமார் ரூ.8,585. அதில் ரூ.5,310 முதல் கார்டுடையது.

ஸ்டேட்மென்டில் 'மினிமம் டியூ' என்று ஒரு தொகை இருக்கும். பொதுவாகப் பாக்கியில் 5% அளவு. அதைக் கட்டிவிட்டால் வங்கியிலிருந்து போன் வராது, சிபில் கணக்கில் தவணை தவறியதாகப் பதிவாகாது. அதனால் கட்டியாகிவிட்டது என்ற நிம்மதி வருகிறது. முதல் கார்டில் அந்த 5% மட்டும் ஓர் ஆண்டு கட்டினால் என்ன ஆகும்? பன்னிரண்டு மாதத்தில் கட்டிய தொகை சுமார் ரூ.72,000. பாக்கி 1,20,000-லிருந்து 1,09,000-க்கு வந்திருக்கும். ரூ.72,000-இல் அசலுக்குப் போனது 11,000. வட்டிக்கும் வரிக்கும் போனது 61,000. இதே வேகத்தில் கடன் பாதியாகக் குறைய ஏழு ஆண்டு மூன்று மாதம் ஆகும், அதுவும் அந்தக் கார்டை ஒரு முறைகூடத் தேய்க்காமல் இருந்தால். மினிமம் தொகை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்று ஸ்டேட்மென்டில் எச்சரிக்க வேண்டும் என ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வரி அச்சில் இருக்கிறது. ஆனால் ரூ.72,000-க்கு ரூ.11,000 என்ற கணக்கு அதில் இல்லை.

அதற்காக மினிமத்தைக் கட்டாமல் விட்டுவிடக் கூடாது. எந்த வரிசையில் அடைத்தாலும் எல்லாக் கார்டுக்கும் மினிமம் முதலில் போய்ச் சேர வேண்டும். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால் தாமதக் கட்டணம் விழும். பெரிய பாக்கிக்கு அது ஆயிரம் ரூபாயைத் தாண்டும், அதன் மேலும் 18% வரி.

இப்போது வரிசைக்கு வருவோம். இஎம்ஐ தன் தவணையில் ஓடட்டும். மூன்று கார்டுக்கும் சேர்த்து மாதம் ரூ.20,000 ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வழி இரண்டு. மற்றவற்றுக்கு மினிமம் கட்டி, மீதி முழுவதையும் வட்டி அதிகமான முதல் கார்டில் கொட்டுவது ஒன்று. பாக்கி குறைவான மூன்றாவது கார்டை முதலில் முடித்து, பிறகு இரண்டாவதையும், கடைசியில் பெரியதையும் முடிப்பது மற்றொன்று.

மாதம் மாதமாகப் போட்டுப் பார்த்தேன். வங்கி நாள் கணக்கில் வட்டி போடும் என்பதால் சில ரூபாய் முன்பின் வரலாம். வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் பன்னிரண்டாம் மாதம் மூன்றும் முடிகின்றன. மொத்த வட்டி ரூ.51,330. சிறியதை முதலில் அடைத்தாலும் அதே பன்னிரண்டாம் மாதம்தான் முடிகிறது. மொத்த வட்டி ரூ.55,370. இடையே உள்ள வித்தியாசம் ரூ.4,040.

நாலாயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஒரு குழந்தையின் பாடப் புத்தகச் செலவு அதில் அடங்கும். ஆனால் இந்த இரு வழிகளைப் பற்றி நடக்கும் வாதங்களின் அளவுக்கு அது பெரிய தொகையும் இல்லை. காரணம், நம் கார்டுகளின் வட்டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கிறது. 45 சதவீதத்துக்கும் 42 சதவீதத்துக்கும் நடுவே எதை முதலில் அடைப்பது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சிறியதை முதலில் அடைப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், எவ்வளவு தொகை அடைத்தார்கள் என்பதைவிட, எத்தனை கணக்குகளை முழுதாக மூடினார்கள் என்பதே கடனிலிருந்து வெளியேறுவார்களா என்பதைச் சொல்வதாகக் கண்டார்கள். ஒரு கார்டு தீர்ந்தது என்ற தெம்பு அடுத்ததை முடிக்க வைக்கிறது. ஆறாவது மாதம் மனம் தளர்ந்து பாதியில் விட்டுவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தெரிந்தவர் சிறியதிலிருந்து தொடங்கலாம். அவருக்கு அந்த ரூ.4,040 வீண் போகவில்லை. மற்றவர்களுக்கு என் பரிந்துரை வட்டி அதிகமானது முதலில்; வட்டி சமமாக இருந்தால் சிறியது முதலில்.

வரிசையைவிடப் பெரிய தொகைகள் வேறு இடங்களில் கிடக்கின்றன. மாதம் 20,000-க்குப் பதில் 22,000 கட்டினால் மொத்த வட்டி ரூ.45,580-ஆகக் குறைந்து, பதினோராம் மாதமே முடிகிறது. மிச்சம் ரூ.5,750. வரிசையைச் சரியாகப் போட்டதில் கிடைத்த லாபத்தைவிட இது அதிகம்.

அடுத்து அந்த எஃப்டி. வங்கி அதற்கு 7% தருகிறது என்று வைப்போம். அதை ஈடாக வைத்து வாங்கிய கார்டிலோ வரியும் சேர்த்து ஆண்டுக்கு 35% போகிறது. எஃப்டியை உடைத்து ரூ.18,000 பாக்கியை இன்றே அடைத்து அந்தக் கார்டை ஒழித்துவிட்டு, மாதம் ரூ.20,000-ஐ மற்ற இரண்டுக்கும் கட்டினால் மொத்த வட்டி ரூ.43,310. மிச்சம் ரூ.8,020. எஃப்டியில் இழப்பது ஆயிரத்துச் சொச்சமும், முன்கூட்டி எடுப்பதற்கான சிறு பிடித்தமும்தான். சேமிப்பைத் தொடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது நல்ல பழக்கம். ஆனால் 35% கடன் பக்கத்தில் நிற்கும்போது 7% சேமிப்பு, சேமிப்பே ஆகாது. ஒரு மாதச் செலவுக்கான கைப்பணத்தை வைத்துக்கொண்டு மீதியைக் கடனுக்கு அனுப்புவதுதான் சரி.

மிகப் பெரிய தொகை நகையில் இருக்கிறது. நம் வீடுகளில் இதைப் பேசவே தயங்குகிறோம். வங்கியில் நகையை வைத்து ஆண்டுக்கு 10% வட்டியில் ரூ.1,20,000 வாங்கி முதல் கார்டை ஒரே நாளில் அடைத்துவிட்டால், அந்தக் கடனுக்கு மாத வட்டி ரூ.5,310-லிருந்து ரூ.1,000 ஆகிறது. ஆயிரத்துக்கு ரூ.44.25 போன இடத்தில் ரூ.8.33. அதன்பின் அதே ரூ.20,000-ஐக் கொண்டு இரண்டாவது கார்டு, மூன்றாவது கார்டு, கடைசியாக நகைக்கடன் என்று அடைத்தால் பத்தாவது மாதம் எல்லாம் முடிகிறது. மொத்த வட்டி ரூ.12,400. முன்பு ரூ.51,330. மதிப்பீட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று சில நூறு போனாலும் மிச்சம் ரூ.38,000-க்குக் குறையாது. நகை பெட்டியில் இருக்கட்டும், கார்டை மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கும் குடும்பம், நகையைக் காப்பாற்ற கொடுக்கும் விலை அது.

இதில் ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. அடைத்த கார்டில் ரூ.1,20,000 லிமிட் மறுபடி திறந்துகொள்ளும். அதைத் தொட்டுவிட்டால் நகையும் அடமானத்தில், கார்டிலும் பாக்கி என்று இரட்டைக் கடனாகிவிடும். நகை வைக்கும் அன்றே வங்கியின் செயலியில் அந்தக் கார்டின் லிமிட்டைக் குறைத்துவிடுங்கள். கட்டுப்பாடு வருமா என்ற சந்தேகம் இருந்தால் நகையை வைக்காதீர்கள்.

இஎம்ஐயை முன்கூட்டி முடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆயிரத்துக்கு ரூ.14.75 தின்னும் கடனை மூட, ரூ.44.25 தின்னும் கடனைக் காக்க வைப்பது நஷ்டம். முன்கூட்டி முடிப்பதற்குத் தனிக் கட்டணம் வேறு இருக்கலாம்.

பாக்கி இருக்கும் கார்டில் மளிகை வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன் என்பது முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டும். பாக்கி வைத்தவருக்கு, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முதல் கார்டில் ரூ.6,000-க்கு மளிகை வாங்கினால் ஒரு மாதத்தில் அதற்கு ரூ.265 கூடுதல். எந்த ரிவார்டு பாயின்டும் இதை ஈடுகட்டாது. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இன்னும் மோசம்: பெரும்பாலான கார்டுகளில் குறைந்தபட்சக் கட்டணமே ரூ.500, வரியோடு 590, ரூ.10,000 எடுத்து ஒரு மாதம் வைத்திருந்தால் வட்டியும் சேர்த்து ரூ.1,032 போய்விடும். எனவே கடன் தீரும் வரை அன்றாடச் செலவெல்லாம் யுபிஐ வழியாக, வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்திலிருந்தே போகட்டும்.

மினிமம்கூடக் கட்ட முடியாத நிலை வந்துவிட்டவர்கள், கெடு தேதிக்கு முன்பே வங்கிக்கு எழுதி, பாக்கியை இஎம்ஐயாக மாற்றித் தரக் கேளுங்கள். 45% கடன் 15 அல்லது 18 சதவீதத்துக்கு இறங்கும். பாதிப் பணம் கட்டினால் போதும், 'செட்டில்மென்ட்' செய்துகொள்ளலாம் என்று வரும் அழைப்புக்கு அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். அது சிபில் அறிக்கையில் பதிந்து, பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது எதிரே வந்து நிற்கும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பாக்கிக்காக உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

பாக்கியை முழுதாகத் தீர்த்த கார்டு தேவையில்லை என்றால் அதை மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பாக்கி ஏதும் இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும்; தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு ரூ.500 வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும்.