துப்பாக்கிச் சந்தையில் பேரம் படியுமா?

பொருட்காட்சி என்றால் நமக்குத் தெரிந்தது டெல்லி அப்பளம், ராட்டினம், மைக்கில் 'காணாமல் போன சிறுவன்' அறிவிப்பு. போன வருஷம் அமெரிக்காவில் நான் பார்த்த பொருட்காட்சியில் ராட்டினமும் இல்லை, அப்பளமும் இல்லை. மேஜை மேஜையாகத் துப்பாக்கி! நம் ஊரில் கத்திரிக்காயை அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. கூட்டத்தில் ஒருவர் தோளில் நீளத் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நடக்கிறார். அதன் குழாயில் ஒரு குச்சி சொருகி, குச்சியில் அட்டை. அட்டையில் விலை! நடமாடும் கடை.

'அங்கே எல்லாம் சல்லிசாகக் கிடைக்குமாமே' என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையா? பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

முதலில் நான் அங்கே போன கதை. என் கூடப் படித்த நண்பன் ஒருத்தன் டெக்ஸாஸ் மாநிலம் டல்லாஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுக்கு நான் போய் இறங்கியபோது ஆள் சரியில்லை. ராத்திரி இரண்டு தடவை எழுந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறான். விசாரித்தால், பத்து நாள் முன்பு அவர்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு. இவனுக்கோ வாரத்தில் மூன்று நாள் இரவு டியூட்டி. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் தனியாக.

"ஒரு துப்பாக்கி இருந்தா தைரியமா இருக்கும்டா" என்றான். ஸ்கூலில் கேப் துப்பாக்கி வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிறவன்!

அவன் ஆபீசில் ஒரு பெரியவர், வேட்டைப் பிரியர். ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டி ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு துப்பாக்கிச் சந்தைக்குப் போவதாகச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் தொற்றிக்கொண்டோம். காரில் இரண்டு மணி நேரம்.

கறி வற்றலும் கைத்துப்பாக்கியும்

இந்தச் சந்தைகள் அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா வார இறுதியிலும் ஏதாவது ஓர் ஊரில் நடக்கின்றன. ஓக்லஹோமாவின் டல்ஸா நகரத்தில் ஏப்ரலில் ஒன்று, நவம்பரில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நடப்பதுதான் மிகப் பெரியது என்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் பதினோரு ஏக்கர், 4,000-க்கும் மேலே மேஜைகள்! நாங்கள் போனது அதன் சித்தப்பா பிள்ளை மாதிரி சின்னது. மற்ற நாளில் மாட்டுச் சந்தை நடக்கிற கொட்டகை.

வாசலில் டிக்கெட். சொந்தத் துப்பாக்கி கொண்டு வருபவர்களை நிறுத்தி, குண்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்து, சுட முடியாதபடி பிளாஸ்டிக் பட்டை மாட்டி அனுப்புகிறார்கள். நம் ஊர் துணிக்கடையில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவது போல, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்!

உள்ளே துப்பாக்கி மட்டும்தான் என்று நினைத்தால் ஏமாந்தோம். கத்தி, பெல்ட், டார்ச், மெழுகுவத்தி, காதில் மாட்டும் தோடு, மூட்டுவலித் தைலம்... வரிசைக்கு ஒரு கடையில் மாட்டுக்கறி வற்றல். சைவக்காரனான என் நண்பன் மூக்கைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

ஒரு மேஜையில் சட்டென்று நின்றுவிட்டேன். ரொம்பத் தெரிந்த முகம்! நம் ஊர் போலீஸ்காரர்கள் வருஷக்கணக்கில் தோளில் சுமந்தார்களே, அந்தக் கனத்த ரைஃபிள். கல்கத்தா பக்கத்து இஷாபூர் தொழிற்சாலையில் செய்து, வேலை முடிந்து, கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. அதற்கு எந்த விசா கொடுத்தார்களோ!

தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். நண்பன் என் கையைப் பிடித்து இழுத்தான். "டேய், நீ டூரிஸ்ட் விசா. பேசாம இரு." காரணம் பிறகு வருகிறது.

மலிவா, மாயையா?

மேஜைக்காரர்கள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதி, லைசன்ஸ் வைத்திருக்கும் டீலர்கள். 1968-ஆம் வருஷச் சட்டப்படி இவர்கள் தங்கள் கடையில் மட்டும்தான் விற்கலாம் என்று இருந்தது. 1986-இல் சட்டத்தைத் தளர்த்தி, சொந்த மாநிலத்தில் நடக்கும் சந்தைகளிலும் விற்கலாம் என்றார்கள். சந்தைகள் களை கட்டியது அதற்குப் பிறகுதான்.

டீலரிடம் வாங்கினால் சந்தையானாலும் கடையானாலும் சடங்கு ஒன்றே. 4473 என்று ஒரு பாரம். பெயர், விலாசம், 'நீங்கள் குற்றவாளியா, போதைப் பழக்கம் உண்டா' என்று கேள்விகள். பிறகு அரசாங்கக் கம்ப்யூட்டரில் ஆளைப் பற்றி விசாரணை. 1998 நவம்பரிலிருந்து நடக்கும் ஏற்பாடு. 2020-ஆம் வருஷம் கொரோனாப் பீதியில் ஜனங்கள் முண்டியடித்ததில், அந்த ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட நாலு கோடி விசாரணைகள்!

சரி, விலை? புதுத் துப்பாக்கியில் பெரிய வித்தியாசம் இல்லை. டீலரும் மேஜை வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அந்த விலையிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிரெடிட் கார்டு நீட்டினால் சில மேஜைகளில் மூன்று சதவிகிதம் கூடுதல் வேறு.

இன்னொரு கண்ணி. வெளி மாநிலத்துக்காரர் டீலரிடம் ரைஃபிள் வாங்கினால், இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால், கையோடு கொண்டு போகலாம். கைத்துப்பாக்கி என்றால் கூடாது. விற்பவர் அதை வாங்குபவரின் ஊர் டீலருக்கு அனுப்ப வேண்டும். பாரம், விசாரணை எல்லாம் அங்கே. அந்த டீலர் தன் பங்குக்கு ஒரு கட்டணம் வாங்குவார். சந்தையில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

அப்படியானால் சந்தைக்கு எதற்குப் போக வேண்டும்? பழைய சரக்குக்காக. எங்கள் பெரியவர் வந்தது அதற்குத்தான்.

தாத்தாவின் துப்பாக்கி

அவர் தேடியது வின்செஸ்டர் 94. கௌபாய் படங்களில் அடியிலிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்துச் சுடுவார்களே, அந்த ரகம். ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்தது; 1894-இல் வந்தது. அவருடைய தாத்தாவிடம் ஒன்று இருந்து, கஷ்ட காலத்தில் கை மாறிப் போனதாம். 1964-இல் கம்பெனி செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றிவிட்டது. அதனால் விஷயம் தெரிந்தவர்கள் 1963 வரை வந்ததைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒன்று கிடைத்தது. சீட்டில் 950 டாலர். பெரியவர் அதைப் பார்த்த விதம் இருக்கிறதே, நம் ஊரில் காளை மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது தோற்றது! அனுமதி கேட்டுக் கையில் எடுத்தார். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். திறந்த இடத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து, முனை வழியாக உள்ளே பார்த்தார். (காகிதத்தில் வெளிச்சம் பட்டு, குழாயின் உள்பக்கம் தெரியுமாம்.) திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். தலை சிதைந்திருந்தால் யாரோ கற்றுக்குட்டி கழற்றி விளையாடியிருக்கிறான் என்று அர்த்தம். நம்பரைக் குறித்துக்கொண்டு எந்த வருஷத்துச் சரக்கு என்று சரி பார்த்தார். இரும்பின் கருநீலம் ரொம்பப் பளபளப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். புதுசாகச் சாயம் ஏற்றினால், சேகரிப்பவரிடம் மதிப்பு குறைந்துவிடும்.

எல்லாம் திருப்தி. உடனே வாங்குவார் என்று பார்த்தால், "தேங்க்ஸ்" சொல்லிவிட்டு வந்துவிட்டார்!

"ஏன் சார்?"

"மணி பதினொன்றுதானே ஆகிறது? மூன்று மணிக்கு அந்த ஆள் சாமான் கட்ட ஆரம்பிப்பான். அப்போது பேசுவோம்."

அடடா! ரங்கநாதன் தெருவில் கடை அடைக்கிற நேரம் பார்த்துப் போகும் என் அத்தை அமெரிக்காவிலும் அவதாரம் எடுத்திருக்கிறாள்.

'பேப்பர் வேண்டாம்'

இடைப்பட்ட நேரத்தில்தான் அது நடந்தது. மேஜைக்காரர்களில் இரண்டாவது ஜாதி இருக்கிறது என்றேனே, அவர்கள் டீலர்கள் அல்ல. வீட்டிலிருக்கும் சொந்தத் துப்பாக்கியை விற்க வருபவர்கள். மத்திய சட்டப்படி இவர்களுக்குப் பாரமும் கிடையாது, விசாரணையும் கிடையாது. கலிஃபோர்னியா, கொலராடோ மாதிரி சில மாநிலங்களில் மட்டும் உண்டு.

தனியார் மேஜை ஒன்றில் என் நண்பன் நின்றான். சின்னக் கைத்துப்பாக்கி. "முந்நூறு டாலர். ரொக்கம் கொடு, எடுத்துக்கோ. பேப்பர் கீப்பர் வேண்டாம்" என்றான் அந்த ஆள். 'எந்த ஊர், என்ன விசா' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நண்பன் பர்ஸைத் தொட்டுவிட்டான். அவன் முகத்தில் நான் பார்த்தது ஆசை இல்லை. ராத்திரி எழுந்து கதவைத் தள்ளிப் பார்க்கிற அதே பயம்.

நல்ல வேளை, பெரியவர் வந்து அவன் தோளில் கை வைத்து ஓரமாக அழைத்துப் போனார். பொறுமையாக விளக்கினார். வேலை விசாவிலோ டூரிஸ்ட் விசாவிலோ வந்தவர், வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. கிரீன் கார்டு இருந்தால் வேறு விஷயம். மீறினால் 2022-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு பதினைந்து வருஷம் வரை சிறை. போதாக்குறைக்கு, தனி ஆள் தனி ஆளுக்கு மாநிலம் விட்டு மாநிலம் விற்பதும் குற்றம்.

"அப்ப நீங்க உங்க பேர்ல வாங்கி எனக்குக் கொடுங்களேன்" என்றான் இவன், சின்னப் பையன் மாதிரி.

பெரியவர் சிரிக்கவில்லை. "அதற்கும் பதினைந்து வருஷம்தான். நாம் இரண்டு பேரும் ஒரே ஜெயிலில் கேரம் ஆடலாம்."

முந்நூறு டாலர் சரக்கு. அசல் விலை பதினைந்து வருஷம். அந்தச் சீட்டை மட்டும் யாரும் மேஜையில் ஒட்டவில்லை! வாங்க உரிமை உள்ளவருக்குக்கூட இதில் ஆபத்து உண்டு. பில் இல்லை, கியாரண்டி இல்லை. துப்பாக்கி எங்கேயாவது திருடு போனதாக இருந்தால், விற்றவனை எங்கே போய்த் தேடுவது?

இந்தப் பேப்பர் இல்லாத வரிசையை வைத்து அங்கே பெரிய சண்டையே நடக்கிறது. 1999-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் சுட்டுத் தள்ளினார்களே, அவர்கள் கையிலிருந்த நாலு துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயதுத் தோழி ஒருத்தி சந்தையில் தனியாரிடம் வாங்கிக் கொடுத்திருந்தாள். 2000-இல் அந்த மாநில மக்கள் ஓட்டுப் போட்டு, சந்தையில் யார் விற்றாலும் விசாரணை கட்டாயம் என்று ஆக்கினார்கள். எதிர்க்கட்சிக்காரர்களும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 2016-இல் சிறைக் கைதிகளிடம் அரசாங்கம் எடுத்த கணக்கெடுப்பில், குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சந்தையில் வாங்கியவர்கள் 0.8 சதவிகிதம்தான், தெருவிலும் கள்ளச் சந்தையிலும் வாங்கியவர்கள் 43 சதவிகிதம். இரண்டும் உண்மைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய்ச் சதவிகிதம் பேச முடியுமா?

ஐந்தொகை

மூன்று மணி. பெரியவர் திரும்பப் போனார். கால் மணி நேரப் பேச்சு. 950 டாலர் 820-க்கு இறங்கியது. பாரம், விசாரணை எல்லாம் முடிந்து, தாத்தாவின் துப்பாக்கியைப் பேரக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

திரும்பும் வழியில் கணக்குப் போட்டேன். துப்பாக்கி 820. டிக்கெட், பார்க்கிங் 20. பெட்ரோல் 40. சாப்பாடு 15. மொத்தம் 895. இதே ரகம் அவர் ஊர்க் கடையில் 900-க்கு இருந்ததாம். வரி எங்கே வாங்கினாலும் உண்டு. ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கரைத்ததில் நிகர லாபம் ஐந்து டாலர்!

பெரியவரிடம் சொன்னேன். "கடையில் ஒன்றுதான் இருந்தது. இங்கே ஏழு பார்த்தேன், ஏழிலும் குறை நிறை கற்றுக்கொண்டேன். அதற்கு எந்தக் கலத்தில் எழுதுவாய்?" என்றார். பற்றா வரவா என்று எனக்கும் புரியவில்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான். என்ன வேண்டும், வெளியே என்ன விலை என்று தெரிந்துகொண்டு, ரொக்கத்தோடு, ஞாயிறு மதியம் வரை பொறுத்திருக்கத் தெரிந்தவருக்குச் சந்தை லாபம். புதுச் சரக்கு மலிவு என்று நம்பி வருபவருக்கு நஷ்டம். பயத்தோடு வருபவருக்குப் பெரு நஷ்டம். பயந்தவன் பேரம் பேச மாட்டான், பேப்பரும் கேட்க மாட்டான்.

பெரியவர் கடைசியாக ஒன்று சொன்னார். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறவர்கள். "எனக்கு வீட்டில் இரும்புப் பெட்டி இருக்கிறது, சாவி என்னிடம். உன் வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறது. முதலில் கதவைப் பார்."

வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிறுத்தி, நண்பன் கனமான தாழ்ப்பாள் ஒன்றும், ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு ஒன்றும் வாங்கினான். சந்தையில் அவன் ஆசைப்பட்டு இருபது டாலருக்கு வாங்கிய டார்ச் லைட், அந்தக் கடையில் பன்னிரண்டு டாலருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஒரு தாழ்ப்பாள் வாங்கவா நாலு மணி நேரம் கார்ல போயிட்டு வந்தீங்க?"

ராத்திரி அவன் எழுந்து கதவைத் தள்ளிப் பார்க்கவில்லை. அந்தச் சமாசாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன், வரவுப் பக்கம்.